கொல்லைப்புறத்துக் குருவிகளும் நம் சங்கமும்

நூல் விலை, துணி விற்பனை, மாங்காய்ச் சந்தை, பாசனத் தண்ணீர் ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டிய இவ்விதழில் குருவிகளுக்கு என்ன வேலை என்று அங்கத்தினர்களில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், தறிக்கொட்டகையின் பின்புறத்திலும், தோப்பிலும், கிணற்றடியிலும் நாள்தோறும் நம்மோடு உழைக்கும் ஓர் இனத்தைப் பற்றிக் கூட்டுறவாளர் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது? ஒருவர் பொருட்டு மற்றொருவர் சிறிது விட்டுக்கொடுத்து வாழ்வதே கூட்டுறவு. அந்த விட்டுக்கொடுத்தலைக் கொல்லைப்புறத்துப் பறவைகளுக்கும் நீட்ட வேண்டும் என்பதும், அதனால் நாம் இழப்பது மிகச் சொற்பம் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

இதை வெறும் இரக்கப் பேச்சு என்று எண்ண வேண்டா. செய்து காட்டிய ஊர்கள் நம் அருகிலேயே இருக்கின்றன. சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்னும் சிற்றூரில், 2020-ஆம் ஆண்டில், தெருவிளக்குகளை ஏற்றி அணைக்கும் மின்பெட்டிக்குள் ஒரு சிறு குருவி கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. பெட்டியைத் தொட்டால் கூடு கலையும். தொடாவிட்டால் விளக்கு எரியாது. ஊரார் தமக்குள் பேசினர். எல்லோரும் உடனே உடன்பட்டுவிடவில்லை; இருட்டில் நடப்பது எப்படி என்ற கேள்வியும் எழுந்தது. முடிவில், குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறக்கும் வரையில் விளக்கேற்றுவதில்லை என்று தீர்மானித்தனர். ஒரு மாதத்துக்கு மேலாக அவ்வூர்த் தெருக்கள் இருட்டில் இருந்தன. குஞ்சுகள் பறந்தன, விளக்குகளும் மீண்டும் எரிந்தன. அதே மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்கள், நீர்ப்பறவைகள் அஞ்சும் என்பதற்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவ்வெடிகள் பெருவாரியாகச் செய்யப்படும் சிவகாசியோ நம் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது!

இவ்வூர்களில் எவரும் பெருஞ்செல்வர் அல்லர். ஊர் கூடிப் பேசி, ஒருமித்து முடிவு செய்தார்கள், அவ்வளவே. நம் சங்கத்துக்கு வேண்டிய பாடமும் அதுவே.

நம் தொழிலினர் இருவர்

பறவைகளில் நெசவாளர் ஒருவர் உண்டு. தையற்காரர் ஒருவரும் உண்டு. இருவரையும் நம் பக்கத்திலேயே காணலாம்.

நெசவாளர் தூக்கணாங்குருவி. சங்கப் புலவர்கள் இதனைத் ‘தூங்கணங்குரீஇ’ என்று அழைத்து, பனையில் தொங்கும் இதன் கூட்டை வியந்திருக்கிறார்கள். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் வழியில் கிணற்றோரத்து மரங்களிலும் பனைகளிலும் இக்கூடுகள் தொங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நெசவு வேலை முழுதும் ஆண் குருவியினுடையது. புல்லையும் நெற்றாளையும் பனையோலையையும் அலகினால் நீளவாக்கில் கிழித்து நாராக்கிக் கொண்டு வருகிறது. ஒரு கூட்டுக்கு 500 தடவை வரையில் பறந்து போய் வருவதும், வேலை முடிய ஏறத்தாழ 18 நாட்கள் ஆவதும் கணக்கிடப்பட்டிருக்கின்றன. கூடு பாதியளவு ஆனதும் பெண் குருவி வந்து இழுத்துப் பார்க்கிறது. பிடித்தால் அங்கே தங்குகிறது, பிடிக்காவிட்டால் போய்விடுகிறது. நெய்த துணியைப் பிரித்துப் பார்த்து, இழை சரியில்லை என்று திருப்பிவிடும் வாடிக்கைக்காரரை அறிந்த நமக்கு அந்த ஆண் குருவியின் நிலை நன்றாகவே விளங்கும்.

தையற்காரர் தையல்சிட்டு. மிகச் சிறிய பறவை. குரலோ தெரு முழுதும் கேட்கும். எலுமிச்சை, கத்தரி, தேக்கு முதலியவற்றின் அகன்ற இலைகளைச் சேர்த்து, ஓரங்களில் அலகினால் துளையிட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் கோத்து இழுத்துப் பை போலத் தைத்துவிடுகிறது. இழையின் முனை துளையில் பிதுங்கித் தடித்து நிற்பதால் தையல் நழுவுவதில்லை. அப்பைக்குள் மெத்தென்று பஞ்சு பரப்பி, மூன்று நான்கு முட்டைகள் இடும். பஞ்சு பறக்கும் ஊர்களில் வாழும் நம்மிடமிருந்து அது பெறும் கூலி அவ்வளவே.

இவ்விருவரையன்றி, கொடிக்கயிற்றிலும் முருங்கைக் கிளையிலும் தொங்கு கூடு கட்டும் தேன்சிட்டு, செம்பருத்திப் புதரில் குடியிருக்கும் கொண்டைக்குருவி, விடியலில் கூரை முகட்டில் அமர்ந்து பாடும் குண்டுகரிச்சான், கூட்டமாக வந்து சருகைக் கிளறும் தவிட்டுக்குருவி, மைனா, சிட்டுக்குருவி என்று நம் கொல்லைப்புறத்து அங்கத்தினர் பட்டியல் நீண்டது.

வயலில் அவை செய்யும் வேலை

இரட்டைவால் குருவி எனப்படும் கரிச்சானைக் கவனியுங்கள். பருத்திக் காட்டில் உயரமான ஓர் இடம் கிடைத்தால் போதும். அதன் மேல் அமர்ந்து, பறக்கும் அந்துப்பூச்சியையும் வெட்டுக்கிளியையும் பாய்ந்து பிடிக்கும். காய்ப்புழுவைத் தோற்றுவிக்கும் அந்துப்பூச்சியை முட்டையிடும் முன்பே பிடிப்பது எத்தகைய உபகாரம் என்பதை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவேதான் வேளாண்மைத் துறையினர் பருத்தியிலும் பயறு வகைகளிலும் எக்டேருக்கு 50, அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 20 பறவைத் தாங்கிகள் நடச் சொல்லுகிறார்கள். ஒரு குச்சியின் தலையில் குறுக்குக் குச்சி ஒன்றைக் கட்டி நட்டால் பறவைத் தாங்கி தயார். செலவு கயிற்று விலையே. மைனாக்கள் ஏர் சென்ற சாலில் புழு பொறுக்குகின்றன. தவிட்டுக்குருவிகள் மாந்தோப்புச் சருகில் பூச்சி தேடுகின்றன. தானியம் தின்னும் தூக்கணாங்குருவியும் சிட்டுக்குருவியும்கூடத் தம் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையே ஊட்டுகின்றன.

குருவியைப் பகையாக எண்ணி அழிக்க முற்பட்ட ஒரு பெருநாட்டின் கதையும் நாம் அறிய வேண்டுவது. சீனாவில் 1958-ஆம் ஆண்டில் எலி, ஈ, கொசு ஆகியவற்றோடு சிட்டுக்குருவியையும் சேர்த்து ஒழிக்க இயக்கம் நடத்தினார்கள். மக்கள் தட்டுகளையும் பறைகளையும் தட்டி, குருவிகள் எங்கும் அமரவொட்டாமல் செய்து, களைத்து விழச் செய்தனர். பின்னர் பயிர்களில் பூச்சி மலிந்தது. அறிஞர்கள் குருவிகளின் இரைப்பைகளைச் சோதித்து, அவை தின்ற பூச்சிகளின் அளவை எடுத்துக் காட்டினார்கள். 1960-ஆம் ஆண்டில் பட்டியலிலிருந்து குருவி நீக்கப்பட்டு, அதன் இடத்தில் மூட்டைப்பூச்சி சேர்க்கப்பட்டது. அக்காலத்துப் பெரும்பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. குருவி ஒழிப்பினால் பெருகிய பூச்சியும் அவற்றுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

விவசாயியின் முறையீடு

“அண்ணாச்சி, குருவிக்குப் பரிந்து பேசுகிறீர்களே, என் மக்காச்சோளத்தைக் கிளி தின்று தீர்க்கிறதே, அதற்கு யார் ஈடு தருவார்?” என்று தோப்புக்காரர் ஒருவர் என்னைக் கேட்டார். அவர் சொல்வதை மறுக்க முடியாது. கிளி கதிரையும் கொய்யாவையும் குதறுகிறது. தூக்கணாங்குருவி நெற்கதிரில் இறங்குகிறது. பறவையால் நட்டமே இல்லை என்று சொல்லுவோர் பயிரிட்டு அறியாதவர்கள்.

ஆனால், நட்டத்தைத் தடுப்பது வேறு; பறவையைக் கொல்வது வேறு. கதிர் பால் பிடிக்கும் வேளையில், ஓரத்து வரிசைக் கதிர்களை அவற்றின் தாள்களாலேயே சுற்றிக் கட்டிவிடலாம். காற்றில் மின்னி அதிரும் பளபளப்பு நாடாவை வயலின் குறுக்கே கட்டலாம். பழங்களுக்குத் துணிப் பையோ காகிதப் பையோ போடலாம். பயிருக்கு ஆபத்தான காலம் மூன்று நான்கு வாரங்களே. அவ்வேளையில் காவல் போதும். மெல்லிய நைலான் வலையைத் தொளதொளவென்று மரத்தின் மேல் போர்த்திவிட்டுப் போவது மட்டும் கூடாது. அதில் சிக்கிய பறவை விடிவதற்குள் இறந்துவிடும். சிக்குவது பெரும்பாலும் பழம் தின்ன வந்ததாக இராமல், பூச்சி பிடிக்க வந்ததாக இருக்கும். வலை வேண்டுமானால் இறுக்கமாக இழுத்துக் கட்ட வேண்டும். காலையும் மாலையும் சென்று பார்க்கவும் வேண்டும்.

விஷத்தைப் பற்றியும் ஒரு சொல். மானோகுரோட்டோபாஸ் என்னும் மருந்தை நம் விவசாயிகள் பலர் நெடுங்காலம் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது பறவைகளுக்கு மிகக் கொடிய நஞ்சு. 1995, 1996-ஆம் ஆண்டுகளில் அர்ஜெண்டினா நாட்டு வயல்களில் வெட்டுக்கிளியை ஒழிக்க அதைத் தெளித்தபோது, அவ்வெட்டுக்கிளிகளைத் தின்ற பருந்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டில் காய்கறிப் பயிர்களுக்கு அதைப் பயன்படுத்தலாகாது என்று விதித்தார்கள். 2023-ஆம் ஆண்டில் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கினார்கள். வீட்டு மூலையில் பழைய குப்பி எஞ்சியிருந்தால் அதைத் தெளித்துத் தீர்த்துவிடலாம் என்று எண்ணாமல், வேளாண்மை அலுவலரிடம் கேட்டு முறைப்படி அப்புறப்படுத்துக. பூச்சியைக் கொல்லும் நஞ்சு, அப்பூச்சியைத் தின்ன வரும் நண்பனையும் கொல்லும் என்பதை மறத்தலாகாது.

தறியிலிருந்து செல்லும் தீங்கு

விவசாயிக்குச் சொன்ன பின்னர் நெசவாளர் தம்மையும் சோதித்துக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், என் வீட்டு மாதுளையில் தேன்சிட்டு ஒன்று கூடு கட்டியிருந்தது. குஞ்சு பறக்க வேண்டிய நாள் கடந்தும் பறக்கவில்லை. கூட்டின் வாயிலில் தலைகீழாகத் தொங்கியது. அருகே சென்று பார்த்தபோது, அதன் காலில் பாலியஸ்டர் இழை ஒன்று பல சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. இழையை அறுத்தேன், கால் அதற்குள் கருகிவிட்டது. அது பிழைக்கவில்லை. அந்த இழை எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டிய அவசியம் இல்லை. நான் கூட்டிப் பெருக்கி வேலியோரத்தில் கொட்டிய கழிவு நூலில் அதே நிறம் இருந்தது.

பருத்தி இழை நனைந்து மக்கும். குஞ்சு உதறினால் அறும். நைலானும் பாலியஸ்டரும் அறுவதில்லை. கூடு கட்டும் பறவைக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றன. ஆதலின், செயற்கை இழைக் கழிவைத் திறந்த வெளியில் கொட்டாமல் சாக்கில் கட்டி வைப்பதும், கையளவுக்கு மேற்பட்ட நீள இழைகளைத் துண்டு துண்டாக வெட்டிவிடுவதும் ஒவ்வொரு தறிக்காரரின் கடமை. பட்டம் விடும் சிறுவர்களுக்கு நைலான் நூல் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். அத்தகைய மாஞ்சா நூலைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ஆம் ஆண்டிலேயே நாடு முழுவதும் தடை செய்துவிட்டது.

இலைக் கிளியும் கூண்டுக் கிளியும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் திருக்கரத்தில் அமரும் கிளியை அறியாதார் யார்? மாதுளம்பூவால் மூக்கும், இலைகளால் உடலும் சிறகுமாக நாள்தோறும் புதிதாக அக்கிளி முடையப்படுகிறது. ஆண்டாளின் பாசுரங்களிலும் பறவைகள் பல. திருப்பாவையின் ஏழாம் பாசுரத்தில் வரும் ‘ஆனைச்சாத்தன்’ வலியன் என்று உரைகாரர் கூறுவர். நாம் முன்னர்ப் பருத்திக் காட்டில் கண்ட கரிச்சானே அது. பொழுது புலர்வதற்கு முன்பே அது குரல் எழுப்பும் என்பதை இன்றும் எவரும் கேட்டறியலாம்.

இலையினால் கிளி செய்து மகிழும் ஊரின் அருகே, உயிர்க் கிளியைச் சிறகு வெட்டிக் கம்பிக்குள் அடைப்பது பொருந்துமா? இது மனச்சான்றை மட்டும் பொறுத்ததன்று, சட்டத்தையும் பொறுத்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளி, மைனா, சில்லை முதலியவற்றைப் பிடிப்பதும், கூண்டில் வளர்ப்பதும், விற்பதும் குற்றம். முட்டைகளை எடுப்பதும் கூட்டைச் சிதைப்பதும்கூட வேட்டையாகவே கருதப்படும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இத்தகைய குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படுபவை அயல்நாட்டு இனம். அவற்றைக் காட்டி நாட்டுக் கிளியையும் வளர்க்கலாம் என்று சொல்லுவோரை நம்ப வேண்டா. குழந்தை ஆசைப்படுகிறது என்றால், கூண்டு வாங்கும் பணத்தில் ஒரு மண்சட்டி வாங்கித் தண்ணீர் வையுங்கள். ஒரு கிளிக்குப் பதில் பத்துப் பறவைகளைக் குழந்தை காணும்.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு

பறவையைக் கண்டு மகிழ்வது நல்ல பழக்கம். ஆனால் அன்பு மிகுதியால் செய்யும் பிழைகளும் பறவைக்குத் தீங்கே விளைக்கும். கைப்பேசியில் படம் பிடிக்கக் கூட்டின் அருகே செல்லுகிறோம். வெளிச்சம் போதவில்லை என்று மறைத்திருக்கும் இலையை ஒதுக்குகிறோம். அந்த இலையே அக்கூட்டின் கதவு. கதவைத் திறந்து வைத்துவிட்டு நாம் போன பின் காகமும் பூனையும் உள்ளே நுழைகின்றன. அடிக்கடி ஆள் வந்தால், தாய்ப்பறவை முட்டைகளைக் கைவிட்டுப் போவதும் உண்டு. ஆதலின் கூட்டைத் தொலைவில் நின்று, சிறிது நேரமே பார்க்க வேண்டும். கூடு இருக்கும் இடத்தை ஊரெல்லாம் பரப்பவும் கூடாது. பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்து அதை அழைப்பதும் தகாது. எதிரி வந்துவிட்டதாக எண்ணி அது இரை தேடுவதை விட்டு அலைக்கழியும்.

தரையில் தத்தும் குஞ்சைக் கண்டால் உடனே எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட வேண்டா. சிறகு முளைத்த குஞ்சு கூட்டைவிட்டு இறங்கிச் சில நாட்கள் தரையிலும் புதரிலும் பழகுவது இயற்கை. தாய் அருகிலேயே இருக்கும். பூனையையும் நாயையும் விலக்கி, குஞ்சை அருகிலுள்ள புதரில் விட்டால் போதும். சிறகு முளைக்காத குஞ்சு விழுந்திருந்தால் கூட்டிலேயே மெல்ல வைத்துவிடலாம். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது தவறான எண்ணம்.

தண்ணீர் வைக்கும் சட்டி ஆழமற்றதாக இருத்தல் வேண்டும். இரண்டு விரற்கடை நீர் போதும். நாள்தோறும் கொட்டிக் கழுவி மாற்றுக. அழுக்கு நீர் பறவைக்கு நோயையும் நமக்குக் கொசுவையும் தரும். பூனை பதுங்க இயலாத திறந்த இடத்தில், அருகே ஏறி அமர ஒரு கிளை இருக்குமாறு வைப்பது நலம்.

மிக முக்கியமானது ஒன்று உண்டு. இச்சிறு பறவைகள் ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாக்கின்றன. இன்னும் இரண்டு வாரத்தில் குஞ்சுகள் பறந்துவிடுகின்றன. ஆகவே, வேலியை வெட்டும் முன்னரும், கிளையைக் கழிக்கும் முன்னரும், ஓலையை இறக்கும் முன்னரும் ஒரு முறை உற்றுப் பாருங்கள். கூடு இருந்தால் அந்தக் கிளைக்கு மட்டும் ஒரு மாத அவகாசம் கொடுங்கள். பொத்தகுடியார் ஊர் விளக்குகளையே அணைத்து வைத்த காலமும் ஏறக்குறைய அவ்வளவே.

சங்கம் செய்யக்கூடியது

நம் மேற்கு மலையில் சாம்பல் நிற அணிலுக்காக 1988-ஆம் ஆண்டில் சரணாலயம் ஏற்பட்டது. 2021-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. அங்கே காவலர்கள் இருக்கிறார்கள். நம் கொல்லைப்புறத்துக்கோ, வீட்டுக்காரரைத் தவிர வேறு காவலர் இல்லை. 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையில், நீண்ட கால நிலவரம் கணிக்கப்பட்ட 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்து வந்திருப்பதாகக் காண்கிறது. சிட்டுக்குருவி அடியோடு அழிந்துவருகிறது என்று பலர் சொல்லுவது மட்டும் முழு உண்மையன்று; பெருநகரங்களில் அது குறைந்தாலும், நாடு முழுவதும் பார்த்தால் பெரிதும் நிலைபெற்றே இருப்பதாக 2020-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. சிற்றூர்களில் அது பிழைத்திருக்கிறது என்றால், அதைக் காக்கும் பொறுப்பும் சிற்றூர்களையே சாரும்.

இவ்வுண்மைகள் வெளிப்பட்டது அறிஞர்களால் மட்டும் அன்று. சாதாரண மக்கள் எண்ணிக் கொடுத்த கணக்காலும்தான். 2015-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. வீட்டு முற்றத்திலேயே கால் மணி நேரம் அமர்ந்து, கண்ட பறவைகளை எண்ணி இ-பேர்டு என்னும் இணையப் பதிவேட்டில் சேர்க்கலாம். வரவு செலவுக் கணக்கை வருடந்தோறும் தணிக்கை செய்யும் நாம், முற்றத்துப் பறவைக் கணக்கையும் வருடத்துக்கு ஒரு முறை பார்த்தால் குறைந்துவிடுவது ஒன்றுமில்லை. அங்கத்தினர்களின் பிள்ளைகள் இதை மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

ஆதலின், வரும் மகாசபையில் நான்கு செய்திகளைத் தீர்மானமாக ஏற்க வேண்டுமென்று நிர்வாகக் குழுவினரை வேண்டிக்கொள்கிறேன். முதலாவது, செயற்கை இழைக் கழிவைச் சங்கமே சாக்குகளில் திரட்டி, கழிவு வாங்குவோரிடம் சேர்ப்பது. இரண்டாவது, பருத்தியும் பயறும் விதைக்கும் அங்கத்தினர்கள் பறவைத் தாங்கி நடுவது. மூன்றாவது, கூடு உள்ள கிளைக்கும் வேலிக்கும் ஒரு மாத அவகாசம் கொடுப்பது. நான்காவது, அங்கத்தினர் எவர் வீட்டிலும் நாட்டுப் பறவை கூண்டில் இருத்தல் ஆகாது என்பது. முதல் தீர்மானத்துக்குச் சில சாக்குகள் வேண்டும். இரண்டாவதற்குச் சில குச்சிகள் வேண்டும். மற்ற இரண்டுக்கும் மனம் மட்டுமே வேண்டும்.

நாளைக் காலை தறியில் இறங்குவதற்கு முன், கொல்லைப்புறத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். எலுமிச்சை இலைகளுக்கிடையே தையல்சிட்டு வேலையைத் தொடங்கியிருக்கும். அதன் அலகில் இருக்கும் இழை பருத்தியா, பாலியஸ்டரா என்பது உங்கள் கையில் இருக்கிறது.